பீலி வற்றிய வருடம் இறங்கிப் போனவர்கள்

அந்தி நேரம். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதன் கடைசி லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. அதைத் தாண்டினால் மலையிலிருந்து இறங்கும் ஒற்றை வண்டிப்பாதை. விளக்கும் கிடையாது, வீடும் கிடையாது. வேலாயி வாசற்படியில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“தெனம் தெனம் கெழங்கு. வயித்துல வேரு விட்டுருச்சு புள்ள” என்றான் அவள் புருசன் பொன்னையா.

“விடட்டுமே. அப்பவாவது ஒங்கள இந்த மண்ணுலருந்து ஒருத்தனும் பிடுங்க மாட்டான்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

வேலாயியை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அவள் அண்ணன் கந்தப்பனைத் தெரியும், சந்தைக்குக் கோவா, கேரட் மூட்டை கொண்டுவருகிறவன். அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள்...

எழுபத்தாறாம் வருடம். தோட்டம் கைமாறியிருந்தது. புதிதாக வந்த துரைக்கு மலை உச்சியில் நின்ற காடு கண்ணை உறுத்தியது. காடாக நின்றால் காசில்லை, மரமாக விழுந்தால் காசு. வெட்டு என்றான். வெட்டினார்கள். பொன்னையாவும் கந்தப்பனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவன், காட்டிய வேலையைத்தானே செய்வான்.

ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தபோது அடியில் செங்கல் வந்தது. நம் காலத்துச் செங்கல் இல்லை, பலகை மாதிரி அகலம். அப்புறம் கருங்கல் படி. கல்லில் வெட்டிய வாய்க்கால். ஓர் ஊரே கிடந்தது. சுவருக்குக் கீழே மண்ணில் கறுப்பாக ஒரு பட்டை... கரி. வாய்க்காலின் அடியில் சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, அப்படியே இறுகியிருந்தது.

“நமக்கு முன்னாடியே ஒரு கூட்டம் இங்க காட்ட வெட்டி எரிச்சிருக்கு மச்சான்” என்றான் கந்தப்பன்.

“வெட்டிட்டு எங்க போனானுங்க?”

“தண்ணி போன வழியில போயிருப்பானுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி அதட்டினார். செங்கல்லைப் பள்ளத்தில் புரட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. முன்பும் பொய்த்ததுண்டு. ஆனால் மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் இறக்கும் குழாய், அந்தப் பீலி, ஒருநாளும் நின்றுபோனதில்லை. இப்போது அது முதலில் நூலானது. பிறகு சொட்டானது. ஒருநாள் காலை பெண்கள் குடத்தோடு போனபோது வெறும் காற்று வந்தது.

ஆட்களும் அப்போதுதான் வற்றினார்கள். இங்கேயே பிறந்தவர்களைப் பார்த்து, உன் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், போ என்று அரசாங்கம் காகிதம் கொடுத்த காலம். குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டினார்கள். போகிறவர்களுக்கு லயத்தில் ஒரு முறை இருந்தது. அவர்கள் சுமையில் ஒன்றை வாங்கித் தலையில் வைத்து, பெரிய ரோட்டுச் சந்தி வரைக்கும் கூடவே நடக்க வேண்டும். அங்கே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வேலாயி ஒருவரையும் சும்மா போக விட்டதில்லை. தனக்குக் காகிதம் வந்தால் அடுப்பில் போடுவேன் என்றவள். அவளுடைய ஒரே பிள்ளை அங்கே தேயிலைக்கடியில் படுத்திருந்தது.

அன்றைக்குக் கிழங்கு பாதி உரித்திருப்பாள்... மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவர். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை.

“மேல் டிவிசன் ஆளுங்க போலருக்கு. சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டாளுகளே, பாவிங்க!” கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

பொன்னையாவும் பின்னால் போனான். புறப்படுகிற கூட்டம் என்றால் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இங்கே ஒருவரும் அழவில்லை. நாய்கள் குரைக்கவில்லை. காலடிச் சத்தமும் இல்லை... சருகை யாரோ இழுத்துப் போவது போல ஒரு சரசரப்பு. காடு எரிந்து அணைந்த பிறகு வருமே, அந்த வாடை.

வரிசையில் கடைசியாக ஒருத்தி. தலையில் மண்பானை.

“குடு தாயி, சந்தி வரைக்கும் நான் தூக்குறேன்” என்று வேலாயி வாங்கினாள். விரலால் தட்டிப் பார்த்தாள். ணங்கென்றது. “வெறும் பானையவா சொமந்துட்டுப் போற?”

அந்தப் பெண் கூட்டத்தின் பின்னால் நடந்தாள். வேலாயி பானையைத் தலையில் வைத்தாள்.

சந்தி வந்தது. பசறைப் பக்கம் திரும்பினால் பதுளை, ரயில், கப்பல். கூட்டம் அங்கே திரும்பவில்லை. பிபிலைப் பக்கம், இருட்டுக்குள் இறங்கியது. வேலாயியும் இறங்கினாள்.

“ஏய் வேலாயி! எறக்கி வச்சிட்டு வா! ரயிலுக்கு அது வழியில்ல!”

அவள் நிற்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

“எறக்க முடியலங்க... கனக்குது.”

ஓடினான். வளைவைத் தாண்டினான். ரோடு வெறுமையாகக் கிடந்தது.

மேல் டிவிசனில் விசாரித்தார்கள். அன்று அங்கிருந்து ஒரு குருவிகூடக் கிளம்பவில்லை. பொலிஸில், எவனோடாவது போயிருப்பாள் என்றார்கள். தோட்டத்தில் அதுகூடச் சொல்லவில்லை, சொல்லாமல் வேலையை விட்டவள் என்று பதிவிலிருந்து பேரை அடித்தார்கள். காட்டை விற்றவன் பேரை ஒருவரும் அடிக்கவில்லை. பொன்னையாவுக்குக் காகிதம் வந்தது. அவன் போகவில்லை. “வந்தா என்னைய எங்க போய்த் தேடுவா?” என்று கேட்டானாம். பிறகு அவனும் செத்தான். லயத்தின் கூரைத் தகரத்தையும் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஒன்று சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் கந்தப்பனும் பொன்னையாவும் அந்த வளைவுக்குப் போனார்கள். ரோட்டோரப் புழுதியில் ஒரே ஒருத்தியின் காலடிதான் இருந்தது. வேலாயியுடையது. ஒவ்வொரு அடியும் முந்தியதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் காலடி முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில், ஒரு பானையை இறக்கி வைத்தாற்போல, வட்டமாக ஈரம்.

கந்தப்பன் போன மாதமும் அந்த வழியாக வந்தான். மாதக்கணக்கில் மழை இல்லை, ஓடையெல்லாம் வெறும் கல். அந்த ஈரம் இன்னும் காயவில்லை.