வேலை செய்யாத புரோட்டீன்

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறிய இரண்டு பெண்கள் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவளின் விரல்கள் மூட்டுக்கு மூட்டு வீங்கிக் கோணியிருந்தன.

"கேன்சரைத் தடுக்கிற புரோட்டீன் என் கையில வேல செய்யலியாம்," என்றாள் அவள்.

"இன்னாக்கா சொல்ற, கேன்சரா?"

"இல்லடி, முடக்குவாதந்தான். கெட்டுப்போன செல்லுங்கள சாவடிக்கிறதுதான் அந்தப் புரோட்டீனோட வேல. அது சும்மா இருந்தா, சாவவேண்டியதுங்க சாவாம பெருகி மூட்டு எலும்பையே அரிச்சிடுமாம். டாக்டரு சொன்னாரு."

"மருந்து?"

"வீக்கத்துக்குக் குடுத்திருக்காங்க. அந்தப் புரோட்டீன எழுப்பத்தான் இன்னும் மருந்து வரலியாம்."

"அதான் சர்ச்சுக்கு வர்றதில்லியா?"

மூத்தவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கேன்சர்னா வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணுவாங்க. கை வலின்னா நாந்தான் போவணும். போனா, ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் ஆசையா அழுத்திக் கை குடுப்பாங்க."