மௌனத்தை இசைவென்று எழுத மறுத்த பேராசிரியர் உமாதேவி அவர்களுக்கு

அரசியல் கோட்பாட்டை அயராது கற்பித்த ஆசானே! ஒப்பிடுமுன் உற்றுக் கேளுங்கள் என்று எங்களை ஓயாமல் நச்சரித்த அம்மையாரே! மைசூரில் நம் கல்லூரியின் அரசியல் துறையில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று விடைபெறும் தங்களை, தமிழ் பேசும் சகாக்கள் நால்வர் வணங்கி வாழ்த்துகிறோம். துறையின் மடல் கன்னடத்தில் வாசித்தாகிவிட்டது. அதில் விடுபட்ட ஒன்றை இதில் சொல்கிறோம்.

நாட்டுக்கு நாடு அரசியல் சிந்தனையை ஒப்பிட நூலகமே போதும் என்று பலர் இருந்தபோது, தாங்கள் கொள்ளேகால் பேருந்தில் ஏறி, ஹனூர்ப் பக்கத்தில் தமிழ் பேசும் ஊர்களின் கூட்டங்களில் போய் அமர்ந்தீர்கள். ஆளப்படுவோரின் இசைவு என்று மேலைநாட்டார் சொல்லும் கருத்து அங்கும் உண்டென்று கட்டுரை எழுதினீர்கள். கூட்டத்தில் பெண்கள் எவரும் மறுத்துப் பேசவில்லை என்பதே தங்கள் சான்று. அச்சேறுமுன் அதை அக்கூட்டமொன்றில் இருந்த பாப்பாத்தியம்மாளிடம் வாசித்துக் காட்டினீர்கள். மஞ்சள் காட்டில் நின்றபடியே அவர் கேட்டார்: “நாங்க பேசலீன்னா ஒத்துக்கிட்டம்னு ஆருங்க உங்களுக்குச் சொன்னது? புடிச்சிருந்தா ‘ஆகட்டுங்க’ன்னு சொல்லீருவமே. புடிக்கலீன்னாத்தானுங்க வாயத் தொறக்க மாட்டம்.”

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றீர்கள். பதவி உயர்வு நான்காண்டு தள்ளிப்போயிற்று; தாங்கள் முகம் வாடவில்லை. ஓரிடத்துக் கருத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் அங்குள்ளவரைக் கேட்க வேண்டும், கேட்டும் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். தங்கள் பாடத்தின் வழியும் வரம்பும் இதுவே. ‘யாரிடம் கேட்டாய்?’ என்று விடைத்தாள்தோறும் தாங்கள் சிவப்பு மையில் எழுதுவதை நாங்கள் கேலி செய்ததும் உண்டு.

சென்ற மாதத் துறைக் கூட்டத்தில், தங்கள் ஓய்வுக்குப் பின் அந்த ஒப்பியல் பாடத்தை நிறுத்திவிடலாம் என்றார்கள். தாங்கள் எங்களைப் பார்த்தீர்கள். நாங்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தோம். ‘ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, அம்மா.

எங்கள் மௌனம் இசைவன்று, கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள், பாடத்தை வினிதா நடத்துவார் என்று நேற்று முதல்வரிடம் கடிதம் கொடுத்துவிட்டோம். ‘பார்க்கலாம்’ என்று வாங்கி வைத்திருக்கிறார். என்ன ஆகுமோ தெரியாது. இம்முறை பேசாமல் இருக்க மாட்டோம்.

இம்மடலைச் சட்டமிட்டு மாட்டினால் எங்கள் பிழையும் சேர்ந்தே சுவரில் தொங்கட்டும். நோயின்றி, நோவின்றி, நெடுங்காலம் நிறைவாக வாழ்வீராக! ஹனூருக்குப் போகும்போது எங்களையும் அழைத்துச் செல்வீராக!

இதற்கு நால்வரும் வாய்திறந்து ‘ஆகட்டுங்க’ என்று சொல்லி ஒப்பமிடுகிறோம்.

வினிதா, ஆறுமுகசாமி, ஜீவிதா, தீபக்