நோகாத கை

என் கை நோகாத கை என்று நரின் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஐயா. பல் மருத்துவமனையில் பற்காறை சுரண்டுவது என் வேலை. மின்சாரம் அடிக்கடி போய்விடுவதால் எல்லாமே கைக் கருவிதான். ஈறுக்கு மேலே கூர்மூக்குக் கருவி. ஈறுக்குள் இறங்க, முனை உருண்ட க்யூரெட். தினமும் சாணைக்கல்லில் தீட்டி, ஒரு பிளாஸ்டிக் குச்சியில் வைத்துப் பார்ப்பேன். பிடித்தால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மழுங்கிவிட்டது.

மழுங்கியதை வைத்து மெல்ல இழுத்தால் காறை பெயராது, மேலே வழவழப்பாகிவிடும். நாக்குக்குச் சுத்தம் என்றே தோன்றும். அடியில் ஈறு அழுகிக்கொண்டிருக்கும். வலி மட்டும் இருக்காது.

என் மாமியார் புருல்சாவுக்கென்று அப்படி ஒன்றைத் தனியாக வைத்திருந்தேன்.

படிப்பு முடித்த கையோடு, புருல்சாவின் மகனுக்குக் கட்டிவைக்க, சந்தையில் வைத்து என்னைக் காரில் தூக்கிப் போனார்கள். அவனை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி; போட்டதும் கதவுக்கு ஓடினேன். புருல்சா வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார்.

"தாண்டிப் போ, பாக்கலாம். பெரியவளத் தாண்டுனவ எவளாச்சும் உருப்பட்டிருக்காளா? நானும் இப்படி அழுதுட்டுதான்டி வந்தேன்."

தாண்டக் கால் வரவில்லை. திரும்பி வந்தால் மானம் போய்விடும் என்று அம்மா வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு என் விருப்பப்படி அசைந்தவை என் விரல்கள் மட்டும்தான்.

புருல்சாவுக்குச் சர்க்கரை உண்டு. ஈறு அழுகினால் அது எங்கே போய் முடியும் என்று நான் படித்திருக்கிறேன். வருஷக்கணக்கில் என் நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்தார். "எம் மருமக கை பட்டதே தெரியாது" என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்வார். போன குளிர்காலத்தில் கேட்டார்:

"ஏண்டி ஜிப்பார், எனக்கு வாய் நாறுதோ? பல்லெல்லாம் ஆடுது. பிஷ்கெக் போய்ப் பெரிய ஆஸ்பத்திரில காட்டட்டுமா?"

"எதுக்கு அத்தை இந்தப் பனியில அலையுறீங்க? வயசானா ஆடத்தான் செய்யும். நான் இருக்கேன்ல."

என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். தீட்டிய க்யூரெட் தட்டில் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

ஈறில் கட்டிய சீழ் ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போனதால் இறந்தார் என்று மருத்துவர் சொன்னார். ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். ஆனால் ஒரு நாளும் அவரை நோகவைத்ததில்லை. போயே தீருவேன் என்றிருந்தால் அவர் பிஷ்கெக் போயிருக்கலாம். நான் ஒன்றும் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்ளவில்லையே.