மடிக்க வேண்டாம்

— இரு இரு இரு. டேப்பை அப்படியே பிடி, ஹால்யா. எவ்வளவு காட்டுது?

— இருபத்தஞ்சு.

— சரியா இருபத்தஞ்சா?

— தொடை இடுக்குலருந்து கால் நுனி வரைக்கும் இருபத்தஞ்சு இஞ்ச். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதோட பதினாலு பேன்ட் அளந்தாச்சு ரொவீனா, பதினாலும் அதேதான். தையல் கடைக்காரங்களைத் திட்டுறதை இனிமே நிறுத்திக்கோ.

— அப்ப ஏன் திரும்பி வருது? இருநூறு அனுப்பினோம். நூத்தி அறுபது திரும்பி வந்து இந்த மாதா கோயில் கீழ்த்தளத்துல குவிஞ்சு கிடக்கு. எல்லாச் சீட்டுலயும் ஒரே பாட்டு. 'நீளம்.' 'கொஞ்சம் நீளம்.' 'தரையைக் கூட்டுது.' இந்தா, இதைக் கேளு: 'மடிக்க வேண்டாம்னு இடுப்புப் பட்டியில பெருசா எழுதியிருக்கீங்க, நான் மடிச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறினேன்.' எனக்கு அழுகையே வருது.

— அழுதா பேன்ட் குட்டையாகாது. அடுத்த பெட்டியைத் தள்ளு.

— துவைச்சதுல நீண்டிருக்குமோ?

— துவைச்சா சுருங்கும்டீ. இருபது வருஷம் இந்த ஊர்ல பனிக்கோட்டுக்குத் துணி வெட்டினவ நான். துவைச்சு நீண்ட துணியை இன்னும் பாக்கல.

— பூட்ஸ்? வினிபெக் குளிர்ல எல்லாரும் பூட்ஸோடதானே திரியிறோம்?

— பூட்ஸ் போட்டா ஆள் உயரும். பேன்ட் குட்டையாத்தானே தெரியணும்?

— ஆமால்ல. சே! என்னதான்டீ நடந்திருக்கும்? பயம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கம். எனக்கு இப்ப பயத்தைவிட ஆர்வம்தான் கூட இருக்கு.

— பயத்தையும் கொஞ்சம் வச்சுக்கோ. மணி ரெண்டேகால். மூணு மணிக் கூட்டத்துக்கு நாப்பது பேர் வரப்போறாங்க. என்ன சொல்லப்போற?

— தெரியல. திங்கக்கிழமை பல் டாக்டர் என்கிட்ட பதில் கேக்குறார். வரவேற்பு மேசைக்குத் திரும்பி வர்றியா, இல்ல வேற ஆளைப் போடவான்னு. தையல் கடையும் திங்கக்கிழமை வரைக்கும்தான் நமக்காக மெஷினை ஒதுக்கி வச்சிருக்கும். காரணம் தெரிஞ்சா தொடருவேன். தெரியாம இன்னொரு இருநூறு தச்சா, அதுவும் இங்கேதான் வந்து விழும். அப்புறம் நம்ம குட்டைப் பொம்பளைங்க குழுவே இருக்காது.

— இது மூணாவது திட்டம், ஞாபகம் இருக்கா?

— ஞாபகப்படுத்தாதே.

— முதல் திட்டம், துணி மாத்திக்கிறது. ஒவ்வொருத்தியும் தனக்குப் பெருசா இருக்கிறதைத்தான் கொண்டு வந்தீங்க. எடுத்துட்டுப் போனவளுக்கும் அது பெருசு! ஒரு பச்சைப் பாவாடை மூணு மாசம் உங்களுக்குள்ள சுத்திச் சுத்தி வந்துச்சு.

— சிரிக்காதடீ, நெட்டச்சி. ரெண்டாவது திட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. கடையில குட்டையானவங்களுக்குன்னு விக்கிறதைப் பொறுக்கியெடுத்து, பெட்டி போட்டு அனுப்பினோம்.

— கடைக்காரன் காலை மட்டும் நறுக்கியிருந்தான். முட்டிக்கு வச்ச வளைவு கெண்டைக்கால்ல போய் உக்காந்திருந்துச்சு.

— அதனாலதானே நாமளே தைக்கலாம்னு இறங்கினோம். அறுநூத்திப் பன்னெண்டு பேர்கிட்ட கேள்வித்தாள் அனுப்பி உயரம் கேட்டேன். சராசரி அஞ்சடி வந்துச்சு. அஞ்சடிக்காரிக்கு இருபத்தஞ்சு இஞ்ச் கால். நீதான் அளவு அட்டை வெட்டின. முட்டி, தொடை, இடுப்பு, எல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு தடவை சரிபார்த்தோம். எங்கே தப்பு?

— பேன்ட்டைத் திருப்பி அனுப்பாத நாப்பது பேரு என்ன சொல்றாங்க?

— முப்பத்தொம்பது பேர் ஒண்ணும் எழுதல. ஒருத்தி மட்டும் கடிதாசி போட்டிருக்கா. பிராண்டன் ஊர்லருந்து. இரு, படிக்கிறேன். 'கச்சிதமா இருக்கு. வாழ்க்கையில முதல் தடவையா பார்சலைப் பிரிச்ச உடனே போட்டுக்கிட்டேன். உங்க கேள்வித்தாள் வந்த அன்னிக்கு என் வீட்டுக்காரர் என்னைச் சுவத்தோரமா நிறுத்தி, பென்சிலால கோடு போட்டு அளந்தார்.' பாவம், எவ்வளவு அன்பா எழுதியிருக்கா!

— பென்சிலால கோடு போட்டாரா?

— ஆமா. ஏன்?

— மத்தவங்க எப்படி அளந்தாங்க?

— அளக்கணுமா என்ன? அவங்கவங்க உயரம் அவங்கவங்களுக்குத் தெரியாதா?

— ம்.

— என்ன 'ம்'? சொல்லித் தொலை.

— ரொவீனா அக்கா! கதவைத் திறங்க, கை உறைஞ்சு போச்சு! கையில ரெண்டு தட்டு!

— யென்! இவ்வளவு சீக்கிரமா வந்துட்ட?

— நகத்துக்குப் பாலிஷ் போடுற எங்க கடையில இன்னிக்குக் கூட்டமே இல்லக்கா. அதான் சீக்கிரம் வந்து நாற்காலி போடலாம்னு. ஸ்பிரிங் ரோல் சுட்டுக் கொண்டாந்திருக்கேன், சூடு ஆறுறதுக்குள்ள ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க. ஐயோ, இவ்வளவா திரும்பி வந்திருக்கு?

— உன்னோடதும் இதுல இருக்கா, யென்?

— இருக்குக்கா. கோவிச்சுக்காதீங்க. சத்தியமா துணி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கடையில சக்கரம் வச்ச ஸ்டூல்ல உக்காந்து உருளும்போது பேன்ட் கால் சிக்கிக்கிச்சு, அதான்.

— யென், கேள்வித்தாள்ல உன் உயரம் என்ன எழுதின?

— அஞ்சடி, ஹால்யாக்கா.

— பூட்ஸைக் கழட்டு. இந்தக் கதவு நிலையில முதுகை ஒட்டி நில்லு.

— எதுக்கு?

— சும்மா. என் மனசுல ஒண்ணு ஓடுது. குதிகாலை ஒட்டி வை. தாடையைத் தூக்காதே. கொண்டையை அவிழ்த்துடு.

— ஐயோ, கொண்டையும் என்னோடதுதானே!

— கொண்டை பேன்ட் போடாது. அவிழு. ஆங். ரொவீனா, ரோலை அந்தத் தட்டுக்கு மாத்திட்டு இந்தத் தட்டை எடு. தட்டைத் தலையில படுக்க வை. சாயாம பிடி.

— பிடிச்சிருக்கேன். கோடு போடு.

— நாலடி பத்தே முக்கால்.

— என்னது?

— நாலடி, பத்தே முக்கால் இஞ்ச். நீயே வந்து பாரு.

— யென்! அஞ்சடின்னு எழுதினியே!

— அக்கா, அது சும்மா ஒரு பேச்சுக்குக்கா. லைசென்ஸ் எடுக்கும்போது அஞ்சடின்னேன். அங்கே இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பாக்கல, அப்படியே எழுதிக்கிட்டாங்க. அதுலருந்து சர்க்காரே என்னை அஞ்சடின்னுதான் சொல்லுது. நான் எதுக்கு மறுக்கணும்?

— உன் கடையில வேற யாராவது குழுவுல இருக்காங்களா?

— நாலு பேர் இருக்கோம் ஹால்யாக்கா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒண்ணா உக்காந்துதான் நிரப்பினோம். நான் அஞ்சடி. ஹா அஞ்சடி. ட்ரின் அஞ்சடி. குவின் மட்டும் அஞ்சடி ஒண்ணு.

— அவ உயரமா?

— எங்களைவிட அரை இஞ்ச் உயரம். நாங்க மூணு பேரும் அஞ்சடின்னு எழுதிட்டா அவ என்ன செய்வா பாவம்?

— ரொவீனா, இப்ப புரியுதா? ஆளுக்கொரு இஞ்ச், ஒண்ணேகால் இஞ்ச் கூட்டியிருக்கீங்க. அத்தனையையும் கூட்டிச் சராசரி போட்டு, இந்த உலகத்துலயே இல்லாத ஒரு பொம்பளைக்கு இருநூறு பேன்ட் தச்சிருக்கோம்.

— என்னால நம்பவே முடியல. நம்ம குழுவுலயா? பிள்ளைங்க கடையில பூப்போட்ட பேன்ட் வாங்கினதை, அலமாரி எட்டாம சூப்பர் மார்க்கெட்ல யாரையோ கெஞ்சினதை, ஆபீஸ் நாற்காலியில கால் தொங்கினதை, எல்லாத்தையும் ஒருத்திக்கொருத்தி கொட்டினோமே! வெளியில ஒளிச்சா சரி. எங்ககிட்டயுமா? எனக்கு ரொம்ப வலிக்குது, ஹால்யா.

— அக்கா, உங்களை ஏமாத்தணும்னு இல்லக்கா. சின்ன வயசுலருந்து சொல்லிச் சொல்லி, எனக்கே அது நிஜம்னு ஆயிடுச்சு.

— அவளை விடு ரொவீனா. நான் எவ்வளவு உயரம் சொல்லு?

— அஞ்சடி எட்டு. நீதானே சொல்வ?

— அஞ்சடி பத்தரை. பள்ளிக்கூட நடன விழாவுல என்னோட ஆட ஒரு பையன்கூட வரல. அன்னிலருந்து ரெண்டரை இஞ்ச் குறைச்சுத்தான் சொல்றேன். எனக்கு நாப்பத்தி மூணு வயசு, இன்னும் குறைக்கிறேன்.

— நீயுமா!

— அதனால உயரத்தைக் கேக்காதே. யாரையும் கேக்காதே. யென், நீ இப்ப போட்டிருக்கியே பேன்ட், இதை எங்கே வாங்கின?

— இதுவா? போன வருஷம் தள்ளுபடியில. ரொம்ப நீளம்னு நானே மடிச்சுத் தையல் அடிச்சுக்கிட்டேன். வீட்டுல இருக்கிறதெல்லாம் அப்படித்தான்.

— அசையாம நில்லு. இருபத்தி நாலு. பாத்தியா? வாய் அஞ்சடிங்குது, பேன்ட் வேற சொல்லுது. ஒவ்வொருத்தி வீட்டுலயும் அவளே மடிச்சு அடிச்ச பேன்ட் ஒண்ணாவது இருக்கும். அதை அளந்து அனுப்பச் சொல்லு. பேன்ட்டுக்கு வெக்கம் கிடையாது.

— இரு இரு இரு. இன்னிக்கு வர்ற நாப்பது பேரும் அப்படி ஒண்ணைத்தான் போட்டுக்கிட்டு வருவாங்க!

— அதேதான்.

— வாசல்லயே ஒவ்வொருத்தியையும் அளக்கலாம். இந்தக் குவியல்ல இருக்கிறதை இங்கேயே ஒரு இஞ்ச் ஏத்திக் கொடுக்கலாம். மெஷின் இருக்கா?

— கார்ல இருக்கு. ஆனா முட்டி வளைவு அரை இஞ்ச் இறங்கித்தான் இருக்கும்.

— இந்த நூத்தி அறுபதுக்கும் அதை ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேப்போம். அடுத்ததுக்குப் புது அட்டை வெட்டு. ஐயோ ஹால்யா, பல் டாக்டருக்கு 'வர மாட்டேன்'னு சொல்லிடலாம் போல இருக்கே!

— சொல்லு. எனக்கும் அந்தப் பனிக்கோட்டைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு.

— ஆனா ஒண்ணு. கூட்டம் ஆரம்பிச்ச உடனே நாலு வார்த்தை நறுக்குன்னு கேப்பேன். விட மாட்டேன்.

— என்ன கேக்கப் போறீங்கக்கா?

— 'உங்களை நம்பித்தானே வேலையை விட்டு வந்தேன், ஏன் பொய் சொன்னீங்க?'ன்னு. கேக்குற உரிமை எனக்கு இருக்கு யென். ஏன்னா அந்தக் கேள்வித்தாள்ல உண்மை எழுதினவ நான். அஞ்சடின்னா அஞ்சடி. ஹால்யா தச்ச முதல் மாதிரி பேன்ட்டை நான்தான் போட்டுக்கிட்டு அவகிட்ட வந்து காட்டினேன். கச்சிதமா இருந்துச்சு. அதை நம்பித்தான் இருநூறு தைக்கச் சொன்னேன். இன்னிக்கும் அதைத்தான் போட்டிருக்கேன், பாரு.

— ரொவீனா.

— என்ன?

— அந்தப் பேன்ட்டை நாம இன்னும் அளக்கல.

— இதை எதுக்கு அளக்கணும்? நீ வெட்டினது, நீ தச்சது.

— நாற்காலி மேல ஏறு. ஏறுடீ. யென், அந்த நுனியைப் பிடி.

— பிடிச்சுட்டேன். ஹால்யாக்கா, இது... இருபத்தி நாலு இல்ல?

— இருபத்தி நாலுதான். நான் சாம்பல் நூல்ல மெஷின் தையல் போட்டேன். இங்கே கீழே பழுப்பு நூல். கைத்தையல். இது யார் போட்டது, ரொவீனா?

— எங்கே? காட்டு.

— இதோ.

— ஐயோ.

— அக்கா?

— நான்தான். நீ கொடுத்த அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனேன். பையிலருந்து எடுத்தேன், ஊசியை எடுத்தேன், டிவி பாத்துக்கிட்டே மடிச்சுத் தச்சேன். அப்புறம்தான் போட்டே பாத்தேன். யோசிக்கவே இல்ல ஹால்யா. புதுப் பேன்ட்டுன்னா முதல்ல அதுதானே செய்வேன், முப்பது வருஷமா.

— 'மடிக்க வேண்டாம்'னு எழுதின பேன்ட்டை.

— அந்த வார்த்தையை எழுதினதே நான்தான்டீ. அவங்களைப் போய் நறுக்குன்னு கேக்கப் போறேன்னேனே!

— அக்கா, வெளியில கார் சத்தம் கேக்குது. ரெண்டு மூணு பேர் வந்துட்டாங்க. கதவைத் திறக்கவா?

— ஒரு நிமிஷம் இரு யென். பூட்ஸைக் கழட்டிக்கிறேன். ஹால்யா, அந்தப் பென்சிலை எடு. நிலையில யென்னோட கோட்டுக்குப் பக்கத்துல என் பேரை எழுது, வர்ற எல்லாருக்கும் தெரியிற மாதிரி பெருசா.

— எழுதிட்டேன். உயரம் எவ்வளவுன்னு போட?

— அளந்து போடு. என்னைக் கேக்காதே.