கிட்டுசாமி வைத்த காவல்

— …அப்பறம் பஞ்சு பறக்குது, சகாயராசு. ஓவர்லாக் தையல் மிசின் சத்தம் மழையாட்டம் கேக்குது. நம்ம கம்பெனியே மேல மெதக்குது. கீழ எங்கூரு குண்டடத்துத் தோட்டம் இத்தனூண்டாத் தெரியுது.

— மொதலாளி, கனவ அப்புறம் சொல்லலாம். துணி பண்டல விட்டு எந்திரிங்க. ஆர்டர் குடுக்க வந்த ஜெர்மன்காரரு ஆபீஸ்ல உக்காந்திருக்காரு.

— இரு கண்ணு, கலைச்சுப்போடாத. ஆகாசத்துல ஒரு கேட்டு. வாட்ச்மேன் நிக்கறான். பாத்தா, என்ற மூஞ்சி! "ஆருங்க?"ன்னான். "கிட்டுசாமி"ன்னேன். "அந்தப் பேருல இங்க ஊடே இல்லீங்க, உள்ள உட முடியாது"ன்னுட்டான்.

— அதுதான் மொதலாளி இப்ப ஆபீஸ்ல நடந்திருக்கு.

— என்ன சொல்றே?

— போன மாசம் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்துச்சுல்லா? அப்ப டிஎன்எஸ்ல காவல் போட்டோம்.

— சும்மா போட்டோம்ங்கறே? பூசணிக்கா ஒடச்சுத் தொறந்து வெச்சேன்! இன்டர்நெட்டுக்குக் கோட்டை கட்டுன மொதக் கம்பெனி நம்முளுதுதான்னு கிளப்புல பேசுனேன். டிஎன்எஸ்ஸுன்னா என்னன்னு ஒருத்தரும் கேக்கல, தப்பிச்சேன்.

— சைட்டுப் பேரச் சொன்னா, அது இருக்குத எடத்துக்கு வழி சொல்லுத ஆளு மொதலாளி. கெட்ட சைட்டுன்னா வழி சொல்லாம திருப்பி விட்ரும். எது கெட்டதுன்னு நாமதான் டிக் அடிக்கணும். நீங்க அடிச்சீங்க.

— சூதாட்டம், ஆபாசம்…

— உள்ளாடைக்கும் அடிச்சீங்க. வேண்டாம்னு சொன்னேன்லா? "கௌரவமான கம்பெனிக்குள்ள உள்ளாடைக்கு என்ன வேலை"ன்னு ஏசுனீங்க.

— செரிதானே?

— நாம தைக்கது ஜட்டி, மொதலாளி.

— அந்த வார்த்தை வேண்டாம்னு எத்தன தடவ சொல்றது? இண்டிமேட் அப்பேரல்னு சொல்லு.

— எப்படிச் சொன்னாலும் காவல் விடலயே. ஜெர்மன்காரரு மாடல் பாக்கதுக்கு நம்ம நெட் லைன்ல லேப்டாப்ப மாட்டி, நம்ம சைட்டத் தொறந்தாரு. சைட்டு வரல. தடுப்புப் பக்கம் வந்துட்டு.

— என்ற படம் போட்டதா?

— அதேதான். பட்டுத்துண்டு, மீச, கைய நீட்டித் தடுக்குத மாதிரி. கீழ கொட்ட எழுத்து இங்கிலீஷ்ல, "உள்ளே வர அனுமதி இல்லை. இப்படிக்கு, கிட்டுசாமி."

— அட சாமி! இந்த ஆர்டர் போச்சுன்னா ரெண்டு ஷிப்டும் நிக்குமே. அத்தன சனத்தையும் எந்த மூஞ்சியோட ஊட்டுக்கு அனுப்புவேன்? பஞ்சு மறுபடியும் பறக்குது கண்ணு… நான் மறுக்காப் படுத்துக்கறேன். அவரு கோவிச்சுக்கிட்டுப் போனப்பறம் எழுப்பு.

— கோவிக்கல மொதலாளி. ரொம்ப நேரம் அதையே பாத்தாரு. ஒங்க புது டிசைனான்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்னே?

— பதட்டத்துல தலைய ஆட்டிட்டேன். ஆர்டர் உறுதின்னுட்டாரு. அந்தப் படத்த அப்படியே அச்சடிச்சுத் தரணுமாம்.

— நெசமாவா? கிள்ளு என்னைய. பாத்தியா, என்ற மூஞ்சிக்குச் சீமையில இருக்கற மதிப்ப! பாக்கெட்டு அட்டை மேலதானே அடிக்கச் சொன்னாரு?

— ஜட்டி மேல மொதலாளி. முன்பக்கம். அந்த எழுத்த மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாக் கேக்காரு.