விருந்தாளிக்கு மூட்டிய கணப்பு

டீசல் அடுப்பின் புகைக்குழாயை வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடு முழுக்கப் புகைதான். லெபனானில், எங்கள் பெக்கா பள்ளத்தாக்கில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் உம்மு ஹனாதி என்னைச் சந்தேகப்படவில்லை.

நான் தொண்டு அமைப்பின் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். டிசம்பரில் வருகிற நன்கொடையை வைத்துத்தான் எங்கள் குளிர்கால வேலை நடக்கிறது. போன டிசம்பரில் சரியாக வரவில்லை. மேட்டு ஊர்க்காரர்களைக் கம்பளி இல்லையென்று திருப்பி அனுப்பியது நான்தான். பேசிப் பேசி அனுப்பிய எனக்கு அதன்பின் உறக்கம் கிடையாது. படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

தவறு, நன்கொடை கேட்டு நாங்கள் அனுப்புகிற படத்தில். எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் கடைசிச் சொட்டு டீசலையும் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்கள். படம் எடுக்க வருகிறவரும் விருந்தாளிதானே. ஆகவே படத்தில் கனல், தேநீர், கன்னம் சிவக்கச் சிரிக்கிற பிள்ளை.

இந்த வருடக் கூட்டத்தில், அமைப்பை நடத்தும் நைலா மேடம் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார். "இதப் பாத்தா எனக்கே அந்த வீட்டுல போய் உக்காந்துக்கலாம்னு தோணுது. எவன் குடுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேட்டு ஊர் முழுவதும் கதகதப்பாக இருக்க ஒரு வீடு ஒரு நாள் குளிர்ந்தால் போதும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படம் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் உம்மு ஹனாதி வீட்டுக்குப் போனேன். புருஷன் இல்லாதவள். ஒரே மகள் ஹனாதி.

"நாளைக்கு விருந்தாளி வராங்கன்னு நீங்களே சொல்லிட்டு, இன்னைக்கு வந்து குழாயப் புடுங்குறீங்களே அபூ சக்ர், நல்லாவா இருக்கு?"

"அடைச்சிருக்கும்மா. தட்டிட்டு நாளைக்கே மாட்டித் தரேன்."

"குளுருற வீட்டுல ஆளை உக்கார வெச்சா ஊரு என்ன காறித் துப்பும்."

"அவங்க பெய்ரூத்துக்காரங்க. ஆளுக்கு ரெண்டு கோட்டு போட்டுட்டு வருவாங்க, நீ கவலப்படாத."

ஹனாதி குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "மாமா, உள்ள குருவி இருக்கா?"

"இருந்தா உனக்குத்தான்."

மறுநாள் மலைப்பாதையில் பனி. படக்காரர் வரத் தாமதம். என் வண்டிக்கும் சாலைக்குமாக நடந்து நடந்து என் செருப்பே நனைந்துவிட்டது. ஒருவழியாக அவரை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால், வெப்பம் முகத்தில் அடித்தது.

குழாய் இருந்த ஓட்டையில் உம்மு ஹனாதி துணி அடைத்திருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. நடுவில் ஒரு தகரத் தட்டில் அடுப்புக்கரி கனன்றது. விருந்தாளிக்கு ஏலக்காய் இரவல் வாங்க ஊரின் மறுகோடிக்குப் போயிருந்தாள். ஹனாதி நல்ல கவுன் போட்டு, மெத்தையில் சாய்ந்திருந்தாள். கன்னம் நல்ல சிவப்பு.

மறுபடியும் அதே படம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

தட்டைத் தூக்கிப் பனியில் கவிழ்த்தேன். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டேன். வாசலில் நின்ற படக்காரர் கேட்டார், "பாப்பா தூங்குதே, எழுப்பலாமா?"

"வேணாம் சார். எழுந்தா சிரிப்பா. வீடு கொஞ்சம் ஆறட்டும்."

அவர் தான் வந்த ஜீப்பில் போய் உட்கார்ந்தார். என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். வீடு குளிர்ந்தது. கன்னம் மட்டும் வெளுக்கவில்லை. ஒரு பிடி பனியை அதில் வைத்துப் பார்த்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

நல்ல உறக்கம் என்று நினைத்ததாக விசாரணையில் உங்களிடம் முதலில் சொன்னேன். அது சரியில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் அடுப்புக்கரி கொடுக்கும்போது, "ஜன்னலச் சாத்திட்டு மூட்டாத, உசுரக் குடிச்சிரும்" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறவன் நான். துணி அடைத்த ஓட்டையைப் பார்த்ததுமே அந்தச் சிவப்பு எதனால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது அவள் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜீப்பும் வாசலில்தான் நின்றது.

படம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்து படக்காரர் பெட்டியை மூடும்போது உம்மு ஹனாதி ஏலக்காயோடு வந்தாள்.

புகைக்குழாய் என் வண்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நைலா மேடம் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாராம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். இந்த வருடம் மேட்டு ஊருக்குக் கம்பளி போய்ச் சேர வேண்டும். படம் நன்றாக வந்திருக்கிறது. கன்னம்தான் கொஞ்சம் சிவப்பு.