இறங்குகிற இடம்

— முடிஞ்சு போன பத்து மேட்ச்சைத் திரும்பத் திறக்கணும், சார். இன்னிக்கு விசாரணையிலேயே.

— முதல்ல கதவைச் சாத்து. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே என்ன சொன்னேன்? வீடியோ வெட்டுற பொண்ணு வீடியோ வெட்டணும். தண்டனைக் குழுகிட்ட என்ன வேணா கேளு, முடிஞ்ச மேட்ச்சை மட்டும் திறக்கச் சொல்லாதேன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. தலையாட்டினேன். இப்போ கேக்குறேன். எங்க வீட்ல காலேஜ் படி ஏறின முதல் ஆள் நான், சார். தலைவர்கிட்ட எப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்கணும்னு சொல்லித் தர ஆள் இல்ல. எனக்கு நேராத்தான் வரும்.

— பொறு, பொறு. ஒரு மேட்ச்சைத் திறந்தா மறுநாளே எல்லா க்ளப்பும் பழைய காயத்தைத் தூக்கிட்டு வாசல்ல வரிசை கட்டி நிக்கும். பதினொரு மணிக்கு விசாரணை, இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. கேஸ் ஒண்ணே ஒண்ணுதான். சனிக்கிழமை பாஸ்கெட்பால் மேட்ச்ல, எல்லாரும் கொக்குன்னு கூப்பிடுற பையன் எம்பி ஷாட் போட்டான். இறங்குறப்போ, அவனைத் தடுத்து நின்ன எதிர் டீம் ஆளு, சுவர்னு பட்டப்பேர் வாங்கினவன், அவனோட பாதத்து மேல இறங்கினான். கணுக்கால் ரெண்டாப் போச்சு. கொடுமைதான், ஒத்துக்கிறேன். ஆனா வேணும்னு வைச்ச காலா, தானா வந்த காலா, யார் சொல்றது? அஜாக்கிரதைன்னு எழுதுவோம். அஞ்சு மேட்ச் தடை.

— அஞ்சு. கொக்கு எத்தனை மேட்ச் உக்காரணும்னு டாக்டர் சொன்னாரு?

— ஒரு வருஷம். தெரியும் மா. அவன் எழுந்து வர்ற வரைக்கும் இவனும் உக்காரட்டும், அதானே சொல்லப் போற? கேக்க நல்லாத்தான் இருக்கும். நாளைக்கே ஒரு டீம் பெஞ்சுல ஈ ஓட்டுறவனை அனுப்பி எதிர் டீம் ராஜாவைச் சாய்ச்சுட்டு, ரெண்டு பேரும் ஜோடியா ஒரு வருஷம் உக்காரட்டும்னு விட்டுச்சுன்னா?

— நான் அதைக் கேக்கவே இல்ல. காயத்தை அளந்து தண்டனை குடுத்தா, எலும்போட அதிர்ஷ்டத்தைத்தான் தண்டிக்கிறோம். எனக்குக் காயமே படாத பத்துப் பேர் வேணும்.

— எந்தப் பத்துப் பேர்?

— சுவர் அதே மாதிரி காலை வைச்சும் எப்படியோ தப்பிச்சு இறங்கினவங்க. கொக்கு பதினொண்ணாவது ஆள். உக்காருங்க, காட்டுறேன். அந்த நாற்காலி வேண்டாம், சக்கரம் உடைஞ்சிருக்கு.

— என்ன கோணம் இது? தரையோட தரையா இருக்கே. நான் பார்த்ததே இல்ல.

— கூடைக் கம்பத்துக்கு அடியில விளம்பரப் பலகைக்குன்னு ஒரு கேமரா இருக்கு. தங்களோட பலகை எத்தனை நிமிஷம் தெரிஞ்சுதுன்னு கம்பெனிக்காரங்க பார்க்கிறதுக்கு. டிவி கேமரா எல்லாம் பந்து பின்னாடியே ஓடும். விசாரணைக்கு நாம வெட்டுறது அதைத்தான். பந்து கையை விட்டதும் படம் கூடைக்குப் போயிடும், திரும்பி வர்றப்போ ஆள் தரையில கிடப்பான். இந்தக் கேமரா எங்கயும் ஓடாது. நாலு வருஷமா இதுல ஆட்டக்காரங்களை யாரும் பார்த்ததில்ல.

— சரி, ஓட்டு. அடேயப்பா, எவ்வளவு உசரம் போறான் பாரு கொக்கு. மேலே போனவன் இறங்க மறந்த மாதிரி நிக்கிறானே.

— கொக்கைப் பார்க்காதீங்க. அங்கதான் எல்லாரும் ஏமாந்தாங்க. பந்து கையை விட்டாச்சு. மத்த எட்டுப் பேர் முகமும் எந்தப் பக்கம் இருக்கு?

— கூடைப் பக்கம். ரெஃப்ரி முகமும் கூடைப் பக்கம்.

— சுவர்?

— கீழே. அவன் கீழே பார்க்கிறான்.

— கொக்கோட கால் எங்க இறங்கும்னு பார்க்கிறான். பார்த்துட்டு அரையடி நகர்றான். பாதத்தை வைச்சுட்டு அப்புறம்தான் நிமிர்ந்து கூடையைப் பார்க்கிறான், எல்லாரையும் போல.

— திருப்பிப் போடு. மெதுவா. இன்னொரு தடவை.

— ஒண்ணு மட்டும் பார்த்தா நீங்க சொன்ன மாதிரி தானா வந்த கால்தான். தனித்தனியாப் பார்த்தா இந்த உலகத்துல யாருமே குத்தவாளி இல்ல, சார். அதுக்குத்தான் பத்தும் வேணும்ங்கிறேன். இது போன வருஷம். வேற ஊரு, வேற ஆளு.

— அதே பார்வை. ஆனா, பொறு, அவன் எல்லா ஷாட்டுக்கும் கீழே பார்க்கிற பழக்கக்காரனா இருந்தா?

— ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்தேன். அவன் பக்கத்துல நின்னு காத்த ஐநூறு ஷாட் பார்த்தேன். மத்ததுல எல்லாம் கூடையைத்தான் பார்க்கிறான். தன்னோட டீம் தோக்குறப்போ, கடைசி அஞ்சு நிமிஷத்துல, எதிர்ல சூடா ஆடுற ஆள் எம்புறப்போ மட்டும் கீழே பார்க்கிறான். பதினோரு தடவை. பத்துப் பேர் காலை மடக்கித் தாவித் தப்பிச்சுட்டாங்க. விசில்கூட யாரும் ஊதல.

— முப்பது வருஷம் விசில் ஊதினவன் நான். ஷாட் போட்டவன் தரையைத் தொடுற வரைக்கும் அவனை விட்டுக் கண்ணை எடுக்காதேன்னு புதுசா வர்ற ரெஃப்ரிக்கெல்லாம் பாடம் நடத்துறதே நான்தான். ஆனா கூட்டம் மொத்தமா எழுந்து நிக்கிறப்போ கழுத்து தானா கூடைக்குத் திரும்பிடும். அந்த ஒரு நொடியை இவன் கண்டுபிடிச்சு, அதுக்குள்ள நாலு வருஷம் குடியிருந்திருக்கான்.

— பறக்கிறவனுக்கே தான் எங்க இறங்குவோம்னு தெரியாது. இவனுக்குத் தெரியுது. ஒரு விரக்கடை தப்பல. அந்தக் கண்ணை வைச்சுக்கிட்டு எதை எதையெல்லாம் ஆடியிருக்கலாம். அதை நினைச்சா கோவத்துக்கு முன்னாடி கண்ணுல தண்ணி வருது.

— திறந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? வேணும்னு செஞ்சது மூணு தடவை நிரூபணமானா ஆயுள் தடை. அந்த விதியை எழுதி இருபது வருஷமாச்சு, ஒருத்தர் மேலயும் போட்டதில்ல. இனிமே அவன் எந்தத் தளத்துலயும் ஆட்டக்காரனா கால் வைக்க முடியாது.

— தெரிஞ்சுதான் கேக்குறேன்.

— உனக்கென்ன, வாய் வலிக்காமச் சொல்லிடுவ. அவன் வீட்ல அடுப்பு எரியறதே இந்த ஆட்டத்தாலதான்.

— கொக்கு வீட்லயும் அடுப்புதான் எரியுது. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால்லேருந்து கம்பி கம்பியா நீட்டிட்டு இருக்கு. ரொம்ப வலிக்குதான்னு கேட்டேன். அந்தப் பந்து உள்ள போச்சான்னு என்னைக் கேட்டான். வந்தவங்க எல்லாரும் காலைப் பத்தியே பேசியிருக்காங்க, இதை யாரும் சொல்லல.

— போச்சா? எனக்கே ஞாபகம் இல்ல பாரு.

— போச்சு. வளையத்துல படாமப் போச்சு. சொன்னதும் கண்ணை மூடிட்டுச் சிரிச்சான். அந்தச் சிரிப்புக்கு முன்னாடி நிக்க எனக்குத் தகுதி இல்லைன்னு வெளிய வந்துட்டேன்.

— ம். மத்த ரெண்டு மெம்பரும் ஒத்துக்கணுமே.

— காலையில வந்ததுமே பதினொண்ணையும் அவங்க மேஜையில வைச்சுட்டேன்.

— என்னைக் கேக்காமலா?

— கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.

— சொல்லியிருப்பேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு சொல்ல மாட்டேன். சரி, திறக்கிறேன். நீயே உள்ள வந்து ஓட்டிக் காட்டு.

— நான் வரல, சார். நான் வெட்டினதை ஆதாரமா வைக்காதீங்க. முழு ரெக்கார்டிங்கும் அந்தப் பெட்டியில தேதி போட்டு இருக்கு. சம்பந்தமில்லாத ஒருத்தரைக் கூப்பிட்டு முதல்லேருந்து பார்க்கச் சொல்லுங்க, அவரே வெட்டட்டும். என் கை பட்டதுன்னா சுவரோட வக்கீல் ஒரே வார்த்தையில கிழிச்சுப் போட்டுடுவாரு. இது என் ராஜினாமா.

— ராஜினாமாவா? ஜெயிச்சுட்டு ஓடுறவளை இப்போதான் பார்க்கிறேன். காரணம்னு ஒரு வரிகூட எழுதலையே.

— நேத்தே முடிவு பண்ணிட்டேன். சாவி மேஜை மேல இருக்கு. வரேன், சார்.

— நில்லு மா. போறதுதான் போற, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. பக்கத்துல நின்ன ரெஃப்ரி பார்க்கல. நான் பார்க்கல. அரங்கத்துல உக்காந்திருந்த அத்தனை ஆயிரம் பேர்ல ஒருத்தரும் பார்க்கல. பந்தை விட்டுட்டு சுவரோட கண்ணைப் பார்க்கணும்னு உனக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?

— நீங்க எல்லாரும் பந்தைப் பார்க்க வர்றீங்க, சார். நான் சின்ன வயசுலேருந்து எங்கண்ணனைப் பார்க்கத்தான் வர்றேன்.